இந்த டேபிள்ஸ்பூன் படுத்துற பாடு
அமெரிக்காவுல ஹோம் எகனாமிக்ஸ் சொல்லிக்குடுத்துட்டு இப்போ மெல்பர்ன்ல ஒரு ஸ்கூல்ல சமையல் க்ளாஸ் எடுக்கறேன், தினமும் ஸ்பூனோட மல்லுக்கட்டியே உயிர் போகுது. அங்க டேபிள்ஸ்பூன்னா 15 மில்லி, மூணு டீஸ்பூன், இங்க 20 மில்லி, நாலு டீஸ்பூன், ஆனா ரெண்டுக்கும் ஒரே பேரு! நேத்து என் பழைய ரெசிபிய அப்படியே போர்டுல எழுதிட்டேன், பசங்க பேக்கிங் பவுடர் ஒரு ஸ்பூன் தலைதட்டி போட, மூணுல ஒரு பங்கு கூடிப்போய் ஒரே கசப்பு, மாவு வெண்ணெய் எல்லாம் குப்பைல. பாரன்ஹீட் 425-ஐ 220 செல்சியஸா மாத்தறதெல்லாம் பழகிடுச்சு (ஓவன்லயே நம்பர் இருக்கு), ஸ்பூன்ல அதுவும் தெரியாது. ஆசையா செஞ்ச பசங்க மூஞ்சி வாடிப்போச்சு, இன்னும் மனசு ஆறல. ரெசிபி எழுதறவங்க தயவுசெஞ்சு மில்லிலயோ கிராம்லயோ போடுங்கப்பா!