வெயிலை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்

"நாட்டுக்காக ஒரு கிழமை அணைத்து வைத்தால் என்ன குறைந்துவிடும், சோலர் முதலாளிமாரே?" என்று நேற்று எழுதியிருந்த நண்பருக்கு: அணைத்துவிட்டேன். இன்று காலை எட்டு மணிக்கே அணைத்தாயிற்று. குசினிக்கு வெளியே சுவரில், பனல் கரண்டை வீட்டுக் கரண்டாக்கும் இன்வேர்ட்டரில் பச்சை லைட் இல்லை. கூரையில் பதினாறு பனல் சுட்டுக்கொண்டு கிடக்கின்றன. உள்ளே அம்மா, காசு கொடுத்து வாங்கும் கரண்டில் உழுந்து அரைக்கிறா. திருப்திதானே?

2025 ஏப்ரல் 13 முதல் 21 வரை, தினமும் பகல் மூன்று மணி வரை கூரை சோலரை நிறுத்தி வைக்கச் சொன்ன இலங்கை மின்சார சபை அறிவிப்பைப் பற்றித்தான் சொல்கிறேன். நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இந்த வருடக் கைவிசேஷம் அதுதான்.

காரணம் எனக்கும் தெரியும், யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். புத்தாண்டு விடுமுறையில் தொழிற்சாலை இல்லை, அலுவலகம் இல்லை. கரண்ட் தேவை படுத்துவிடும். வெயில் மட்டும் லீவு எடுக்காது. எடுப்பதும் கொடுப்பதும் சமமாக இல்லாவிட்டால் கரண்டின் அதிர்வெண், அந்த 50 ஹேர்ட்ஸ், ஆடும். நுரைச்சோலை மாதிரியான நிலக்கரி இயந்திரத்தை ஓர் அளவுக்குக் கீழே இறக்கி ஓட்ட முடியாது, நிறுத்தினால் உடனே எழுப்பவும் முடியாது. பெப்ரவரி 9, அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகல்தான், பாணந்துறை உப மின் நிலையத்தில் குரங்கு பாய்ந்தது என்றார்கள், முழு நாடும் இருண்டது. நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் படுத்து, பிறகு சில நாட்கள் ஒன்றரை மணி நேர மின்வெட்டு. அதனால் பயப்படுகிறார்கள். பயப்படட்டும், நியாயம்தான்.

ஆனால் சித்திரை வருடப்பிறப்பு திடீரென்று வந்த விருந்தாளியா? வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் எத்தனையோ விஷயத்தில் சண்டை பிடிக்கும், ஏப்ரல் நடுவில் புத்தாண்டு என்பதில் சண்டை இல்லை. 2016இல் 'சூரிய பல சங்கிராமய' என்ற அரசாங்கத் திட்டத்துக்கு ஊரெல்லாம் பனர் கட்டி, கூரையில் சோலர் பூட்டுங்கள் பூட்டுங்கள் என்றது யார்? நாங்கள் இரவோடு இரவாகக் களவாக ஏறிப் பூட்டவில்லை. விண்ணப்பம், பரிசோதனை, மீற்றர், ஒப்பந்தம், கையெழுத்து. எந்தக் கூரையில் எத்தனை கிலோவாட் என்பது அவர்களுடைய புத்தகத்திலேயே இருக்கிறது. பகலில் மிஞ்சும், இரவில் பற்றாது என்று கூட்டிப் பார்க்க ஒன்பது வருடம் இருந்தது. பிழை வெயிலில் இல்லை. வெயிலைப் பிடித்து வைக்கப் பாத்திரம், அதாவது பற்றரி மாதிரி ஒன்று, வாங்காததில்தான் பிழை.

ஏப்ரல் 5ஆம் திகதி இந்தியப் பிரதமர் வந்தபோது சம்பூர் 120 மெகாவாட் சூரிய மின் நிலையத்தின் கட்டுமான வேலையைக் கொழும்பிலிருந்தே தொடக்கி வைத்தார்கள். கோயில், விகாரை, பள்ளிவாசல், தேவாலயம் என்று 5000 வழிபாட்டிடக் கூரைகளில் பூட்டிய 25 மெகாவாட்டையும் அன்றைக்கே கையளித்தார்கள். படம் எல்லாம் அழகாக இருந்தது. எட்டாம் நாள் எங்களுக்கு 'அணையுங்கள்'. கோயில் பனலை யார் ஏறி அணைத்தார்கள் என்று தெரியவில்லை. ஐயராக இருக்கும்.

சரி, ஒரு பழைய கதை சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. லக்சபானா நீர்மின் நிலையத்துக் கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய் கிடைத்தால் தங்கம். ஜாம் போத்தலில் திரி போட்டுப் படித்தோம். அப்பாவுக்கு இரவில் பிபிசி தமிழோசை கேட்டாக வேண்டும், பற்றரி கிடையாது. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து இரண்டு வயரை ரேடியோவுக்கு இழுப்பார். மிதிப்பது நான். எனக்குப் பத்து வயது. டயரில் டைனமோ உரசும் 'கிர்ர்' சத்தத்துக்கு மேலே செய்தி கேட்க வேண்டும். கால் சோர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் சோரும். "மிதி, மிதி, இப்பதான் முக்கியமானதைச் சொல்லுறான்" என்பார் அப்பா. ஒரு யூனிட் என்றால் என்ன என்பதை நான் முழங்காலால் படித்தவன். அதனால் 'கரண்ட் வேஸ்ட்' என்று யாராவது சாதாரணமாகச் சொன்னால் எனக்கு உள்ளே ஏதோ செய்கிறது. இன்றைக்கு என் கூரையில் வேஸ்ட் ஆவது அதே சாமான்.

2022ஐ அதற்குள் மறந்துவிட்டோமா? ஒரு துளி பெற்றோலோ ஒரு கட்டி நிலக்கரியோ நாங்கள் எடுப்பதில்லை, எல்லாம் கப்பலில் வருகிறது. டொலர் இல்லை என்றதும் கப்பல் கடலில் நின்றது, நாங்கள் பெற்றோல் ஷெட் வாசலில் நின்றோம். மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டு. பிறகு பெற்றோல் பங்கீட்டுக்கு QR அட்டை என்று சொல்வார்களே, அதைக் கழுத்தில் மாட்டாத குறை. ஓகஸ்ட்டில் ஒரே நாளில் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய். மயிலிட்டியிலும் பருத்தித்துறையிலும் படகைக் கரையில் ஏற்றி வைத்துவிட்டு இருந்தவர்களைக் கேளுங்கள், இறக்குமதி எரிபொருள் என்றால் என்ன என்று. அப்போது கப்பலுக்குக் காத்திருக்காமல் பகலில் உற்பத்தி செய்தவற்றில் வெயிலும் ஒன்று. அதற்குத்தான் இப்போது "கொஞ்சம் வெளியே நில்" என்கிறோம்.

இப்போது வருவார்கள்: "சோலர் பூட்டியது எல்லாம் பணக்காரர், அவர்களுக்குக் கொடுக்கும் காசை ஏழைகள் கட்டுகிறார்கள்." என் ஐந்து கிலோவாட்டுக்குப் பாதி வங்கிக் கடன், மீதி அம்மாவின் இரண்டு காப்பு. 2018இல் பூட்டினேன். ஒப்பந்தப்படி சபை தருவது முதல் ஏழு வருடம் யூனிட்டுக்கு 22 ரூபாய், பிறகு 15 ரூபாய் 50 சதம். எனக்கு அந்த ஏழு 2025இல் முடிகிறது. எண்ணெய் எரித்து எடுக்கும் ஒரு யூனிட் என்ன விலைக்கு வருகிறது என்று பார்த்துவிட்டு வந்து என்னை முதலாளி என்று கூப்பிடுங்கள், கூச்சப்படாமல் எழுந்து நிற்கிறேன். உண்மையிலேயே ஆயிரம் கிலோவாட் போட்டுச் சம்பாதிப்பவர்கள் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. அவர்களோடு என்னைச் சேர்க்காதீர்கள், அவ்வளவுதான்.

"பற்றரி விலை கூட." ஆம், கூட. மின்வெட்டு மலிவா?

பற்றரி வேண்டாம் என்றால் தண்ணீர் இருக்கிறது. பகலில் மிஞ்சும் கரண்டால் தண்ணீரை மேலே ஏற்றி, இரவில் இறக்கி மின்சாரம் எடுப்பது. மஹா ஓயாவில் 600 மெகாவாட்டுக்கு என்று திட்டம் எவ்வளவு காலமாகப் பேச்சில் இருக்கிறது! பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இலேயே ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று கட்டுரை வாசித்தார், லக்சபானா ஓடத் தொடங்க 1950 ஆகிவிட்டது. அந்தக் கணக்கில் பார்த்தால் என் பேரன் மஹா ஓயாவைப் பார்ப்பான்.

இன்னொரு கேள்வி நியாயமானது, அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. "அப்படியானால் மன்னாரில் ஏன் காற்றாலை வேண்டாம் என்கிறீர்கள்?" அங்கே 2020இலிருந்து தம்பபவனியின் 30 காற்றாடிகள் சுற்றுகின்றன, 103.5 மெகாவாட். சைபீரியாப் பக்கமிருந்து பறவை வரும் பாதை அது. தீவே ஒரு மணல் திட்டு, மழை வந்தால் தண்ணீர் ஓட வழி வேண்டும் என்கிறார்கள் அங்குள்ளவர்கள். அங்கே புதிதாகக் காற்றாலை கட்டவிருந்த இந்தியாவின் அதானி நிறுவனம் பெப்ரவரியில் விலகியதும் நாட்டுக்கே நட்டம் என்று ஒரு பக்கம் அழுதார்கள், மன்னாரில் அப்பாடா என்று மூச்சு விட்டவர்களும் இருந்தார்கள். நான் காற்றுக்கு எதிரியில்லை. ஆனால் சம்பூரைப் பாருங்கள். 2006இல் சனத்தை எழுப்பினார்கள், காணியை நிலக்கரி நிலையத்துக்கு என்றார்கள், 2016இல் நிலக்கரி வேண்டாம் என்றார்கள், இப்போது சூரியன் என்கிறார்கள். நிலக்கரியோ சூரியனோ, வீடு யாருடையது என்று கேட்ட மாதிரித் தெரியவில்லை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவில் டீசல் ஜெனரேற்றருக்குப் பதிலாகச் சூரியனும் காற்றும் என்று 2021இல் சீனக் கம்பனிக்குக் கொடுத்தார்கள், இந்தியா முகம் சுளித்தது, பிறகு இந்திய நன்கொடை, 2024இல் புது ஒப்பந்தம். பெரியவர்கள் சண்டை பிடித்து முடியும்வரை டீசல் படகில் போய்க்கொண்டிருந்தது.

எங்கேயோ தொடங்கி எங்கேயோ வந்துவிட்டேன். கோபம் வந்தால் எனக்கு இப்படித்தான்.

ஆனாலும் நண்பரே, 'நாட்டுக்காக' என்று எழுதினீர்களே, அதுதான் சுட்டது. எங்கள் தலைமுறைக்கு இருட்டில் இருந்த அனுபவம் குறைவில்லை, அணைக்கச் சொன்னால் அணைக்கத் தெரியும். கேட்பது ஒன்றுதான்: அடுத்த சித்திரைக்காவது பாத்திரம் வாங்கி வையுங்கள்.

பின்குறிப்பு: மூன்று மணிக்குப் போய்ச் சுவிட்சைப் போட்டேன். லைட் கொஞ்ச நேரம் மினுங்கிப் பச்சையானது. "வந்திட்டுதோ?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டா. மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. மூன்றரைக்கு மழை.