பால் பத்தலையோ?

பாப்பா பிறந்து 40 நாள் ஆகிறது. குக்கர் விசிலுக்குப் பயந்து சோற்றைப் பானையில் வடிக்கிறோம். காலிங்பெல்லை அணைத்தாயிற்று. இதெல்லாம் பழகிவிட்டது, சரி. தாங்க முடியாதது ஒன்றுதான். பார்க்க வருகிற எல்லோரும் கேட்கும் அந்தக் கேள்வி: "பால் பத்தலையோ?"

பச்சைக் குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். சாயங்காலமானால் காரணமில்லாமல் சிணுங்கும். அது இயல்பு. ஆறேழு தடவை துணி நனைக்கிறாள், எடையும் ஏறுகிறது. வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

நேற்று வந்த பெரியம்மா, தூளியில் அப்போதுதான் கண் அசந்தவளைத் தூக்கிக் கன்னத்தைக் கிள்ளினார். அவள் வீறிட்டதும் அதே கேள்வி. அப்புறம் பையிலிருந்து ஒரு தேன் பாட்டில் வந்தது. நாக்கில் ஒரு சொட்டு தடவினால் போதுமாம். ஒரு வயது முடியும்வரை தேன் கூடவே கூடாது, அதிலிருக்கும் கிருமி குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். "நீ தேன் நக்கி வளர்ந்தவதானே" என்றார்.

அவர் போனதும் அடுப்படியில் நின்று அழுதேன். ராத்திரி 2 மணிக்கும் 4 மணிக்கும் எழுந்து, சுவரில் சாய்ந்து, இடுப்பு விட்டுப்போகக் கொடுக்கிற பால் அது. வருகிறவர்களில் ஒருத்தராவது "நீ தூங்கினியாம்மா?" என்று கேட்கக் கூடாதா?

இன்று மாலை இன்னும் நாலு பேர் வருகிறார்களாம்.