தட்டச்சு எழுத்து வரிசை வேகத்தைக் குறைக்க வந்ததா?

பெரம்பூர், வியாசர்பாடிப் பக்கம் தட்டச்சு பயிலும் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றி வருகிறது. வேகமாகத் தட்டியவர்களைத் தடுக்கவே ஆங்கில எழுத்துகள் வேண்டுமென்றே கலைத்து வைக்கப்பட்டன என்கிறது அது. இது தவறு. ‘ஏ எஸ் டி எஃப்’ என்று முதல் பாடத்தில் விரல் பழக்கும் பிள்ளைகள் இதை நம்பிச் சோர்ந்துபோவது வருத்தம் தருகிறது.

காலக்கணக்கே இதற்கு இடம் கொடுக்கவில்லை. கிறிஸ்டோபர் ஷோல்ஸும் கூட்டாளிகளும் 1868-இல் காப்புரிமை பெற்று, பின்னர் மேம்படுத்திய இயந்திரத்தை ரெமிங்டன் நிறுவனம் 1874-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, விசைகளைப் பார்க்காமல் எல்லா விரல்களாலும் தட்டும் முறை வழக்கத்தில் இல்லை. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் 1888-இல் நடந்த தட்டச்சுப் போட்டியில், அந்த முறையில் தட்டிய ஃபிராங்க் மெக்கரின் வென்ற பிறகுதான் அது பரவலாகப் பேசப்பட்டது. இல்லாத வேகத்தை யார் குறைப்பது?

கதைக்கு ஒரு வேர் உண்டு. பாரிமுனையில் பழைய தட்டச்சு இயந்திரம் கண்ணில் பட்டால், அனுமதி கேட்டு, பக்கத்துப் பக்கத்து விசைகள் இரண்டைச் சேர்த்து அழுத்திப் பாருங்கள்: அச்சுக் கம்பிகள் ரிப்பனுக்கு முன்னால் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நிற்கும், விரலால் பிரித்தால் நுனியில் மை ஒட்டும். இந்தச் சிக்கலைத் தவிர்க்கவே எழுத்துகள் பிரித்து வைக்கப்பட்டன என்பது நெடுநாளைய விளக்கம். அப்படியே கொண்டாலும், சிக்கல் குறைந்தால் வேகம் கூடுமே தவிரக் குறையாது. மேலும், ஆங்கிலத்தில் அடிக்கடி சேர்ந்து வரும் ‘ஈ’, ‘ஆர்’ விசைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. தொடக்க இயந்திரங்களைப் பயன்படுத்திய தந்தி ஊழியர்களின் தேவையே வரிசையை உருமாற்றியது என்று கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் வாதிட்டனர்.