கரென் கில்லன் 2010-ல்தான் 'டாக்டர் ஹூ'வுக்கு வந்தாரா?

ஸ்காட்லாந்து நடிகை கரென் கில்லன் முதன்முதலாகத் திரையில் தோன்றியதே 2010-ல், 'டாக்டர் ஹூ' என்ற பிரிட்டிஷ் அறிவியல் புனைகதைத் தொடரின் ஏமி பாண்ட் என்ற பாத்திரமாகத்தான் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பலரும் அதையே பகிர்கிறார்கள். நண்பரே, அது சரியல்ல. அவரைப் பெரிய அளவில் அறியவைத்த வேடம் அதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஸ்காட்லாந்தின் இன்வர்னெஸ் நகரில் பிறந்த இவர் 2006-லேயே 'ரீபஸ்' துப்பறியும் தொடரில் நடித்துவிட்டார். 'டாக்டர் ஹூ'விலும் 2008-லேயே வந்துவிட்டார்.

நீங்களே பார்க்கலாம். நான்காம் சீசனின் இரண்டாம் பகுதி, 'த ஃபயர்ஸ் ஆஃப் பொம்பெயி' (The Fires of Pompeii), 2008 ஏப்ரல் 12-ல் ஒளிபரப்பானது. கிறிஸ்துமஸ் சிறப்புப் பகுதியைச் சேர்த்து எண்ணினால் ஒன்று தள்ளிப்போகும். அதனால் எண்ணை விட்டுவிட்டுத் தலைப்பைத் தேடுங்கள். முகத்தில் வெள்ளைப் பூச்சு, சிவப்பு அங்கி, புறங்கையில் வரைந்த கண்கள் என்று வரும் குறிசொல்லும் பெண்களில் ஒருவர் அவர். அந்த ஒப்பனையில் அடையாளம் தெரியாதது இயல்புதான்.

முகத்தை நம்ப வேண்டாம், இறுதியில் ஓடும் பெயர்ப்பட்டியலைப் பாருங்கள். பாத்திரத்துக்குத் தனிப் பெயர் இல்லை, 'சூத்சேயர்' (Soothsayer, அதாவது குறிசொல்பவர்) என்றுதான் இருக்கும்; 'ஏமி' என்று தேடுகிறவர்களுக்கு இது அகப்படாமல் போவது இதனால்தான். ஸ்ட்ரீமிங்கில் பார்த்தால் அடுத்த பகுதி தானாக ஓடத் தொடங்குமுன் நிறுத்திவிடுங்கள். பின்னாளில் தொடரின் நாயகனான டாக்டராகவே வந்த பீட்டர் கபால்டியின் பெயரும் அதே பட்டியலில் இருக்கிறது!