மார்லினுக்கு நூறு கிலோமீட்டர் போக வேண்டியதில்லை

ஈட்டி போன்ற நீண்ட மூக்குள்ள பெரிய கடல்மீனான மார்லினைத் தூண்டிலில் பிடிப்பது பற்றி, ‘மார்லின் வேண்டுமென்றால் கரையிலிருந்து 100 கி.மீ. போகணும், சின்னப் படகுக்கு ஆகாது’ என்று சிலர் சொல்வது சரியில்லை. தூரம் முக்கியமில்லை, ஆழம்தான் முக்கியம். ஹவாயின் கோனா கரையைப் பாருங்கள். எரிமலைச் சரிவு அப்படியே கடலுக்குள் இறங்குவதால், சில கிலோமீட்டரிலேயே ஆயிரம் மீட்டருக்கு மேல் ஆழம் வந்துவிடும். ஹுவாலாலை, மௌனா லோவா என்ற எரிமலைகள் கிழக்குக் காற்றைத் தடுப்பதால் அலையும் அடங்கியிருக்கும். 1982இல் 624 கிலோ நீல மார்லின் பிடிபட்டது அங்கேதான்.

அப்புறம், ‘மீன் வேகமானது, படகையும் முழு வேகத்தில் ஓட்டுங்கள்’ என்பதும் தவறு. செயற்கை இரையை இழுக்க 7 முதல் 9 நாட் (மணிக்கு சுமார் 13-17 கி.மீ.) வேகம் போதும். உயிர் இரை என்றால் இன்னும் மெதுவாக, 2-3 நாட். முழு வேகத்தில் இழுத்தால் இரை நீரில் நிற்காமல் துள்ளித் தெறிக்கும். தயவுசெய்து அந்த யோசனையை நம்பிச் சின்னப் படகை விரட்டாதீர்கள்.