இந்த பூட்ஸ் காயவே காயாதா?

சனிக்கிழமை காலை பத்தரைக்கு முட்டுக்காட்டிலிருந்து வீடு வந்து சேர்ந்தேன். ஞாயிறு விடிகாலை ஐந்தரைக்கு மறுபடியும் முகத்துவாரத்தில் நிற்க வேண்டும். நடுவில் முழுசாக 19 மணி நேரம். ஒரு ஜோடி பூட்ஸ் காய இது போதாதா? போதாது. போன ஐப்பசியிலும் போதவில்லை, இந்த ஐப்பசியிலும் போதவில்லை. ஓதம், அதாவது கடல் தண்ணீரின் ஏற்ற இறக்கம், நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். எனக்குக் கிடைக்கிற சலுகை அவ்வளவுதான்.

தூண்டில் போட எதற்கு பூட்ஸ் என்று கேட்கிறவர்கள் ஒருமுறை அங்கே தண்ணீரில் இறங்கிப் பாருங்கள். கல்லெல்லாம் சிப்பி ஒட்டிக் கிடக்கும், பிளேடு தோற்கும். செருப்போடு இறங்கினால் சேறு செருப்பை வைத்துக்கொண்டு காலை மட்டும் திருப்பித் தரும்.

கொடுமை என்னவென்றால் வெயில் காலத்தில் இந்தப் பிரச்சினையே இல்லை. சித்திரையில் மொட்டை மாடியில் வைத்தால் மூன்று மணி நேரத்தில் அப்பளம். ஆனால் வெயில் காலத்தில் பெரும்பாலும் மணல்மேடு முகத்துவாரத்தை அடைத்துக்கொள்ளும். மழை வந்து தண்ணீர் பெருகினால்தான் வாய் திறக்கும். என் தூண்டிலைக் கொடுவா மீன் கடித்ததெல்லாம் அந்த நாட்களில்தான். சென்னைக்கு ஒரு வருஷத்தில் பெய்கிற சுமார் 1400 மில்லிமீட்டரில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. மீனும் அப்போதுதான், காயாத பூட்ஸும் அப்போதுதான்.

இதில் கடைக்காரர் 'வாட்டர்புரூஃப் சார்' என்று பெருமையாகத் தட்டிக் காட்டினார். சரி, முழங்கால் ஆழத்தில் நிற்கிறவனுக்கு மேல்வாய் வழியாகத் தண்ணீர் வராதா? வந்த தண்ணீர் எந்த வழியாக வெளியே போகும்? வாட்டர்புரூஃப் என்றால் உள்ளே போன தண்ணீர் ஒரு சொட்டுகூட வெளியே வராது என்று அர்த்தம் போல. உள்ளே இரண்டு விரல் கனத்துக்கு ஸ்பாஞ்ச் வேறு. இன்சோலை உருவலாம் என்றால் பசை போட்டு ஒட்டி, ஓரத்தில் தையலும் போட்டு வைத்திருக்கிறார்கள். இதை வடிவமைத்த மகானுபாவன் ஒருநாளாவது ஈர பூட்ஸில் கால் விட்டிருப்பானா?

அப்புறம் உப்பு. இது புரிய எனக்கே இரண்டு வருஷம் ஆனது. கடல் தண்ணீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு. ஸ்பாஞ்ச் கால் லிட்டர் குடித்தால் எட்டு, ஒன்பது கிராம் உப்பு பூட்ஸுக்குள்ளேயே தங்கிவிடும். மழைக்காலத்தில் அடுப்படியில் கல்லுப்பு ஜாடி கசிகிறதல்லவா? அதே கதைதான். உப்பு காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். கடலுப்பில் இருக்கிற மக்னீசியம் குளோரைடு சமையலுப்பைவிட இதில் பேராசைக்காரன். அதனால் பூட்ஸை முதலில் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். காயவைக்கத்தான் நனைக்கிறேன் என்று சொன்னால் வீட்டில் யார் நம்புகிறார்கள்?

யோசனை சொல்ல மட்டும் ஊரே வரும். அரிசியில் புதைத்து வை என்றார் ஒருவர். அது என்ன, தண்ணீரில் விழுந்த செல்போனா? ஹேர் டிரையர் போடச் சொன்னார் இன்னொருவர். போட்டேன். பசை இளகி இடது கால் சோல் முதலை மாதிரி வாயைத் திறந்தது. தலைகீழாக மாட்டு என்பார்கள். தண்ணீர் வடிகிறவரை சரிதான். அதற்கு மேல் மாட்டினால் ஈரக்காற்று விரல் பக்கமே போய் உட்கார்ந்துகொள்ளும். ஈரக்காற்று உலர்ந்த காற்றைவிட லேசு, மேலேதான் ஏறும். ஓரளவு உருப்படியானது செய்தித்தாள் ஒன்றுதான். அதையும் திணித்துவிட்டுத் தூங்கினால் ஆகாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அப்படி மாற்றி, கடைசியில் டேபிள் ஃபேனைச் சரித்து வைத்து, காற்று நேராக பூட்ஸின் வாய்க்குள் போகும்படி விட்டேன்.

ராத்திரி எட்டேகாலுக்கு கரண்ட் போனது.

அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். "ஏன்டா, மீன் ஒண்ணையும் காணோம், கவுச்சி மட்டும் வீடு பூரா அடிக்குது?" இதற்கு என்ன பதில் சொல்வது? பூட்ஸ் பால்கனிக்குப் போனது. பால்கனியில் சாரல்.

முகத்துவாரத்தில் வீச்சுவலை போடுகிற பெரியவர் ஒருவர் வெறுங்காலோடுதான் நிற்பார். போன வாரம் என் புலம்பலைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "தம்பி, மறுபடி தண்ணியிலதானே நிக்கப் போற? அத எதுக்குப்பா காயவைக்கிற?" ஐயா, உங்கள் பாதம் ஐம்பது வருஷம் உப்பிலும் வெயிலிலும் பதப்பட்ட பாதம். என்னுடையது வாரத்தில் ஐந்து நாள் சாக்ஸுக்குள் ஏசியில் இருக்கிற பாதம். ஈர பூட்ஸில் தொடர்ந்து இரண்டு நாள் ஊறினால் தோல் வெளுத்துச் சுருங்கி, விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். கார்த்திகை முழுக்க அந்தக் களிம்பைத் தடவிக்கொண்டு ஆபீஸில் நொண்டியது எனக்குத்தான் தெரியும்.

ஞாயிறு நாலே முக்காலுக்கு அலாரம் அடித்தது. பால்கனிக்குப் போய் வலது பூட்ஸுக்குள் கையை விட்டேன். மேலே காய்ந்திருந்தது. ஒரு கணம் நம்பிவிட்டேன். விரல் நுனிப் பக்கம் கை போனதும் நசநசவென்று, நேற்றுத் திணித்த செய்தித்தாளின் ஒரு துண்டு கூழாகி ஒட்டிக்கொண்டு வந்தது. இடது காலை நான் தொட்டுப் பார்க்கவே இல்லை.