"ஏன் முன்னாடியே வரலை?" என்று கேட்கிறவர்களுக்கு

ரோடு இல்லாத மலை ஊரிலிருந்து, பிரசவ வலி வந்த ஒரு பெண்ணை ராத்திரியில் டோலி கட்டி (கம்பில் துணியைத் தொட்டில் மாதிரி கட்டி) தூக்கிக்கொண்டு வந்த அந்த வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் நாலு நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். நேற்று ராத்திரி அதற்குக் கீழே வந்த கமெண்டுகளைப் படித்த பிறகு தூக்கம் வரவில்லை. எழுதினவர்களில் பாதிப் பேர் நம்ம தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்துக்காரர்கள், எனக்கு முகம் தெரிந்தவர்கள். "அரசாங்கம் எல்லாம் குடுக்குது, இந்த ஜனங்க திருந்தாது." "மாசமா இருக்கும்போதே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா இந்தக் கதி வருமா?" நான் ரொம்ப மதிக்கிற ஒரு ரிட்டையர்டு வாத்தியார், "ஏன் முன்னாடியே வரலைன்னு அந்தப் பொண்ணை முதல்ல கேளுங்க" என்று போட்டிருக்கிறார்.

கேட்டேன் சார். ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே போய்க் கேட்டேன்.

அவள் முன்னாடியே வந்திருக்கிறாள். தாய் சேய் நல அட்டையை வாங்கிப் பார்த்தேன். மடித்து மடித்து நடுவில் இற்றுப்போன அட்டை, ஓரத்தில் குங்குமக் கறை. ரேஷன் கார்டோடு சேர்த்து ஒரு ஜவுளிக்கடைப் பையில் வைத்திருக்கிறாள். அதில் நாலு தேதி இருக்கிறது. கடைசித் தேதிக்கும் டோலி கட்டின ராத்திரிக்கும் நடுவில் ஆறே நாள். விடியறதுக்கு முன்னாடி மலை இறங்கி, பஸ் பிடித்து வந்தவளை "இன்னும் நாள் இருக்கு, வலி வந்தா வா" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். வலி ராத்திரி ஒன்றரை மணிக்கு வந்தது. ரோடு இல்லாத ஊரிலிருந்து அந்த நேரத்துக்கு டோலி கட்டாமல் எதில் வருவாள்?

மலைக் கிராமத்துப் பெண்கள் தேதி நெருங்கும்போதே கீழே வந்து தங்கிக்கொள்ள பிரசவ காத்திருப்பு அறை என்று ஒரு ஏற்பாடு தமிழ்நாட்டில் இருக்கிறது. நல்ல ஏற்பாடு. அப்படி ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. "சொன்னாங்களோ என்னமோக்கா, அவங்க வேகமா பேசினாங்க, எனக்குப் பாதி புரியலை" என்றாள். இதைக்கூட என்னிடம் கன்னடத்தில்தான் சொன்னாள். தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள், அதுவரைக்கும் கடவுள் புண்ணியம்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று இன்பாக்ஸில் ரெண்டு பேர் கேட்டிருந்தார்கள். இதுவரை இங்கே எழுதாத ஒரு விஷயத்தைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டிலும் கன்னடம்தான். நான் தமிழ் மீடியத்தில் படித்தேன். அக்கா அஞ்சாவதோடு நின்று ஆடு மேய்க்கப் போனாள். 2009ல் அவளுக்கு முதல் பிள்ளை, எட்டாம் மாசம். ரெண்டு நாளாகத் தலைவலி. சீலைத் துணியைக் கிழித்து நெற்றியில் வரிந்து கட்டிக்கொண்டு கிடந்தாள். கால் வீங்கி, மெட்டி விரலில் அழுந்திப் போய் சோப்பு போட்டுக் கழற்றினோம். ஆஸ்பத்திரிக்கு மாமியார் கூட்டிக்கொண்டு போனார், அவருக்கும் தமிழ் கொஞ்சம்தான் வரும். அங்கே அக்கா "கண்ணு மஞ்சாகிதெ" என்று சொல்லியிருக்கிறாள்.

கன்னடத்தில் மஞ்சு என்றால் பனிமூட்டம். கண்ணு மஞ்சாகிதெ என்றால் பார்வை மங்குகிறது. அந்த நர்ஸ் காதில் மஞ்சள் என்று விழுந்திருக்கிறது. இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, "மஞ்சக்காமாலை எல்லாம் ஒண்ணும் இல்ல, போய் நல்லா சாப்பிடு" என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பிரஷர் பார்க்கவே இல்லை.

மாசமாக இருக்கிறவளுக்குக் கடைசி மாசங்களில் தலைவலி, முகம் கை வீக்கம், பார்வை மங்கல் மூன்றும் சேர்ந்து வந்தால் என்ன என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். பிரஷர் 140க்கு 90 தாண்டினாலே கவனிக்க வேண்டும், விட்டால் வலிப்பு வரும். அன்றைக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. மறுநாள் விடியற்காலை அக்காவுக்கு வலிப்பு வந்தது. தக்காளி ஏற்றுகிற டெம்போவில், காலி கிரேட்டுகளைத் தள்ளிவிட்டு, அவளைப் படுக்க வைத்துக் கொண்டு போனோம். பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தபோது பிரஷர் 180க்கு 110. வலிப்புக்கு ஊசி போட்டு அக்காவைக் காப்பாற்றினார்கள், அந்த டாக்டரம்மாவை இன்றைக்கும் கும்பிடுகிறேன். பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. பெண் பிள்ளை. வராண்டாவில் நின்றிருந்த எங்களிடம் அங்கேயும் ஒருவர் கேட்டார். "ஏன்யா முன்னாடியே கூட்டிட்டு வரலை?"

முந்தின நாள் போனோம். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த டெம்போவிலிருந்து இந்த டோலி வரைக்கும் எத்தனை வருஷம், அதே கேள்வியை அதே குரலில் கேட்கிறீர்கள்.

"தமிழ்நாட்டுல இருந்துக்கிட்டு தமிழ் கத்துக்க மாட்டீங்களா" என்று இப்போது யாராவது வருவீர்கள். வாருங்கள். தமிழில்தான் எழுதுகிறேன், என் பிள்ளைகள் தமிழில்தான் படிக்கிறார்கள், எனக்குத் தமிழ்ப் பற்று சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் இது ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி. இங்கே ஒரு பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் எடுப்பதற்குள் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நாலும் காதில் விழும். இருளர் குடும்பங்கள் வீட்டுக்குள் பேசுவது வேறு. சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் லைன் வீடுகளில் ஒடியாவும் இந்தியும் பேசுகிற பெண்கள் பிரசவத்துக்கு நிற்கிறார்கள். இவர்கள் நேற்று வந்தவர்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள், மலையில் இருக்கிற கன்னடக்காரி உங்கள் தாத்தா காலத்துக்கு முன்னாலிருந்து அங்கேதான் இருக்கிறாள். தமிழ் தெரிந்தவளுக்கே பிரசவ வலியில் அம்மா பேச்சுதான் வாயில் வரும். "நொப்புலு வஸ்துன்னாயி" என்று ஒருத்தி தெலுங்கில் கத்தினால் அது வலி என்று புரிந்துகொள்ள இலக்கணம் படிக்க வேண்டியதில்லை, அவள் முகத்தைப் பார்த்தால் போதும்.

இன்னொரு கூட்டம், "நர்சுங்க பாவம், வேலை ஜாஸ்தி" என்று சொல்லும். ஒத்துக்கொள்கிறேன். சமவெளியில் 5,000 பேருக்கும் மலையில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. மலையில் அந்த 3,000 பேர் எத்தனை ஓடை தாண்டி இருக்கிறார்கள் என்பது கணக்கில் வராது. எங்கள் கிராம செவிலியர் வண்டி போகாத இடத்துக்கு நடந்து போகிறவர், அவரை நான் ஒரு சொல் சொல்ல மாட்டேன். ஆனால் அக்காவின் கையில் பிரஷர் பட்டையைச் சுற்ற ரெண்டு நிமிஷம் ஆகியிருக்குமா? இதற்கு மேல் இதில் என்னிடம் நியாயம் பேசாதீர்கள், எனக்குப் பொறுமை இல்லை.

"பதினாறு வயசுல கட்டிக் குடுத்தா இப்படித்தான்" என்கிறவர்களிடம் மட்டும் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும், ஏனென்றால் அதில் உண்மை இருக்கிறது. கிருஷ்ணகிரி, தர்மபுரி, நம்ம ரெண்டு மாவட்டத்திலும் குழந்தைத் திருமணம் நடக்கிறது, மூடி மறைக்க மாட்டேன். மகளிர் குழுவில் ஊக்குநராக இருந்த காலத்தில் மூன்று கல்யாணத்தை நிறுத்தி, ரெண்டு வீட்டில் எனக்கு இன்றைக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் நிறுத்த முடியாமல் போன அந்தப் பெண் மாசமானால் அவள் நிலைமை என்ன என்று யோசித்தீர்களா? முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் 19 வயசு ஆனவளுக்குத்தான். ஆஸ்பத்திரிக்குப் போய் ஆதாரைக் காட்டினால் வயசு தெரிந்துவிடும், போக்சோவில் (குழந்தைகள் மேல் நடக்கும் பாலியல் குற்றத்துக்கான சட்டம்) புருஷன் உள்ளே போவான், அப்பன் மேலும் கேஸ் வரும். சட்டம் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஊரே கூடிக் கல்யாணம் பண்ணி வைத்துவிட்டு, பயத்தில் ஏழு மாசம் வரைக்கும் வயிற்றை மறைக்கிற பொறுப்பை அந்தக் குழந்தை தலையில் கட்டுகிறோம். அப்புறம் அவளையே நிற்க வைத்து, ஏன் முன்னாடியே வரலை?

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை, தயவுசெய்து இதைக் கட்சிச் சண்டை ஆக்காதீர்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று ஆரம்பித்ததே நம்ம சூளகிரிப் பக்கம் சாமனப்பள்ளியில்தான். வீட்டு வாசலுக்கு வந்து பிரஷர் பார்க்கிறார்கள். அப்படி 2009ல் ஒருத்தர் எங்கள் வாசலுக்கு வந்திருந்தால் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொள்வேன். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு முதலில் ஆரம்பித்ததும் 1989ல் பழைய தர்மபுரி மாவட்டத்தில்தான், அப்போது நம்ம கிருஷ்ணகிரிப் பக்கமும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. அந்தக் குழுக்கள்தான் எங்களைப் பேச வைத்தது. எங்கள் குழுவில் தெலுங்குக்காரி, உருது பேசுகிற அக்கா, நான், ரெண்டு தமிழ்க்காரிகள். யாருக்குப் பிரசவம் என்றாலும் பாஷை தெரிந்த ஒருத்தி கூடப் போவாள். கூலியை விட்டுவிட்டுப் போவாள், பஸ் காசும் கைக்காசு. இது ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுத்துச் செய்ய வேண்டிய வேலை என்று இதுவரை எத்தனை கூட்டத்தில் சொல்லியிருப்பேன்.

சொல்வதை நம்புவது என்று வரும்போது எனக்கு வாச்சாத்தி நினைவு வராமல் இருப்பதில்லை. இதையும் அதையும் ஒன்றாக வைக்கிறாயா என்று சண்டைக்கு வராதீர்கள், ஒன்றாக வைக்கவில்லை. தர்மபுரி மாவட்டத்து மலையடிவாரக் கிராமம் அது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீசும் உள்ளே புகுந்தார்கள். பதினெட்டுப் பெண்கள் தங்களுக்கு நடந்த பாலியல் வன்கொடுமையைச் சொன்னார்கள். தர்மபுரி கோர்ட்டில் தீர்ப்பு வர 2011 ஆனது, குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 செப்டம்பரில். முப்பத்தோரு வருஷம். நம்ம மண்ணில் ஏழைப் பெண் வாய் திறந்து ஒன்று சொன்னால் அதற்கு இவ்வளவு காலம் சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது. வாத்தியார் சார், அந்தப் பெண் ஆறு நாளுக்கு முன்னாலேயே வந்ததற்கு அட்டையில் தேதி இருக்கிறது. அது இல்லாமல் போயிருந்தால் என்னையும் நம்பியிருக்க மாட்டீர்கள்தானே?

வரும் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கப் போகிறேன். பிரசவத்துக்கு வருகிறவள் சொல்லக்கூடிய பன்னிரண்டு வார்த்தைகளை ஒரு அட்டையில் எழுதி, ஒவ்வொரு செக்கப் ரூமிலும் மாட்டச் சொல்லி. ரத்தம் போகுது, பனிக்குடம் உடைஞ்சிருச்சு, பிள்ளை அசையல, வலிப்பு வந்தது, இப்படி. கன்னடமும் தெலுங்கும் எழுதி முடித்துவிட்டேன். உருது வரிகளை நம்ம ஊர்ப் பேச்சில் சரிபார்த்துத் தர ஒரு அக்காவோ தங்கையோ வேண்டும். ஒடியா தெரிந்தவர் இருந்தாலும் இன்பாக்ஸில் வாருங்கள். சனிக்கிழமைக்குள் கிடைத்தால் பிரிண்ட் போட்டுவிடலாம். முதல் வரியில் "கண்ணு மஞ்சாகிதெ" என்று எழுதியிருக்கிறேன். அதை அக்காவிடம் படித்துக் காட்டினேன். மஞ்சு என்கிற இடத்தில் அடிக்கோடு போடச் சொன்னாள், போட்டிருக்கிறேன்.